ஓய்வுக்குப் பின் வரும் ஆண்டுகள்: அஞ்சல் பணியும் ஊர் வரலாறும்

(பெரணமல்லூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



தபால் ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, மிச்ச வாழ்நாளை ஊரின் வரலாற்றுக்குக் கொடுப்பவர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். ஒருவரை மட்டும் எடுத்துப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. அந்த வாழ்க்கை முறை வரலாற்றுக்கு ஏன் இவ்வளவு பயன்படுகிறது என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது என்று எனக்குத் தோன்றியது. அதைக் கேட்பதற்கு நமக்கு ஒரு பெரிய முன்னோடியும் இருக்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் வரலாறு எழுத அஞ்சல் பணி ஒரு நல்ல பயிற்சி. ஆனால் பயிற்சி மட்டும் போதாது. அதைப் பயன்படுத்த நீண்ட காலம் வேண்டும். அந்தக் காலம் பணி ஓய்வுக்குப் பிறகுதான் கிடைக்கிறது. ஆகவே ஓய்வுக்குப் பின் வரும் ஆண்டுகளை ஊர் வரலாற்றின் முதன்மையான உழைப்புக் காலமாக நாம் கருத வேண்டும். இதை ஏழு கூறுகளாக விரிக்கிறேன்.

1. அஞ்சல் துறையிலிருந்து வந்த வரலாற்றாசிரியர்

வி. கனகசபைப் பிள்ளை 1855ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் யாழ்ப்பாணத்துத் தமிழர். வின்சுலோ பாதிரியாரின் அகராதிப் பணிக்கு உதவுவதற்காகச் சென்னைக்கு வந்தவர். மகன் சட்டம் படித்து, சில காலம் மதுரையில் வழக்கறிஞராக இருந்து, பிறகு அஞ்சல் துறையில் சேர்ந்தார். அத்துறையின் அதிகாரியாகப் பல ஊர்களுக்கும் போய்வந்தார்.

அந்த வேலைக்கு நடுவில்தான் அவர் தமிழரின் பழைய வரலாற்றை ஆராய்ந்தார். 1895 முதல் 1901 வரை 'மெட்ராஸ் ரிவ்யூ' என்ற ஆங்கில இதழில் கட்டுரைகள் எழுதினார். அவை 1904இல் நூலாக வந்தன. 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்று கா. அப்பாத்துரையாரின் மொழிபெயர்ப்பில் நாம் படிப்பது அந்த நூல்தான். சங்க இலக்கியத்தை வைத்துத் தமிழரின் அரசியல், வணிகம், சமூகம், சமயம் ஆகியவற்றை ஒரே நூலில் எழுதிக்காட்டிய முதல் பெருமுயற்சிகளில் அது ஒன்று.

அவர் எழுதிய காலத்தை எண்ணிப் பாருங்கள். எட்டுத்தொகையில் அன்று அச்சில் இருந்தவை கலித்தொகையும் புறநானூறும் மட்டுமே. முன்னதைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இலும், பின்னதை உ. வே. சாமிநாதையர் 1894இலும் பதிப்பித்திருந்தார்கள். மற்ற தொகை நூல்கள் ஓலைச்சுவடிகளில் கிடந்தன. அவற்றைத் தேடிப் பெற்று, படியெடுத்து, ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருந்தது. கனகசபைப் பிள்ளை தம் சொந்தச் செலவில் சுவடிகளைத் திரட்டினார். பழந்தமிழ்ப் போர்ப் பாடல்களையும் உலாவையும் ஆங்கிலமாக்கி 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வெளியிட்டார். இத்தனையும் ஓர் அரசு ஊழியர் தம் சம்பளத்திலும் ஓய்ந்த நேரத்திலும் செய்தவை.

2. அஞ்சல் பணி தந்த பழக்கங்கள்

அஞ்சல் பணி ஒருவருக்குக் கற்றுத்தருவது என்ன? மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இடத்தை உறுதிசெய்தல். ஊரின் பெயர் தெரிந்தால் மட்டும் கடிதத்தைக் கொண்டு சேர்க்க முடியாது. எந்தக் கிளை அஞ்சலகம், எந்தத் துணை அஞ்சலகம், எந்தத் தெரு, யார் வீடு என்று தெரிய வேண்டும். உங்கள் பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 'ஆரணி ரோடு' என்ற ரயில் நிலையம் ஆரணியில் இல்லை. அது களம்பூரில் இருக்கிறது. பெயரை மட்டும் நம்புகிறவர் வழி தவறுவார். கனகசபைப் பிள்ளையின் நூலில் முன்னுரை முடிந்ததும் வருவது தமிழகத்தின் நில அமைப்பைப் பற்றிய இயல். அடுத்து வருவது வெளிநாட்டு வணிகம். மன்னர்களின் பெருமை அதற்குப் பிறகுதான். எந்த ஊர் எங்கே இருந்தது என்பதைத் தாலமியின் பண்டைய நிலநூலோடும் 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்போடும் தமிழ்ப் பாடல்களோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் அரசர்களிடம் போகிறார். இந்த வரிசைமுறையில் அவருடைய தொழிலின் ஒழுக்கத்தைக் காண்கிறேன்.

இரண்டாவது, நாளைக் குறித்தல். தபால் ஆபீசில் எதுவும் தேதி முத்திரை இல்லாமல் வெளியே போவதில்லை. ரிஜிஸ்டர் தபாலுக்கு ஒவ்வொரு கைமாற்றத்திலும் கையொப்பம் வாங்கப்பட்டது. மணியார்டர் வந்த நாள் வேறு, பட்டுவாடா ஆன நாள் வேறு என்று பதிவேடு சொல்லும். வரலாற்றில் மிகுதியாகக் குழப்பம் செய்வது 'அந்தக் காலத்தில்' என்ற சொற்றொடர். முப்பது ஆண்டுகள் தேதி முத்திரை குத்தியவருக்கு அது உறுத்தும், 'எந்த ஆண்டு?' என்று அவர் கேட்பார்.

மூன்றாவது, ஊரோடு நெடுநாள் பழகுதல். ஒவ்வொரு நாளும் ஒரே பீட்டில் நடந்தவருக்கு எந்த வீடு எப்போது ஓடு மாற்றியது, எந்தக் குடும்பம் எந்த ஆண்டு ஊரை விட்டுப் போனது, எந்தத் தெருவில் தறிச் சத்தம் எப்போது நின்றது என்பதெல்லாம் தெரியும்.

இந்தப் பழக்கங்கள் எழுத்தாளர்களுக்கு உதவியதற்கு வங்காளத்திலும் சான்று உண்டு. 1860இல் வெளிவந்து அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையை நாடறியச் செய்த 'நீல தர்ப்பண்' நாடகத்தை எழுதிய தீனபந்து மித்ரா அஞ்சல் துறையில் பணியாற்றியவர். கிராமங்களைச் சுற்றிப் பார்க்கும் வேலையில் இருந்ததால் உழவர்களின் துன்பம் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தது.

3. ஒரே பெயரில் இருவர்

கனகசபைப் பிள்ளையின் முறையைக் காட்ட ஓர் ஆய்வுச் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இலங்கை வரலாற்றில் அந்தப் பெயரில் இரண்டு மன்னர்கள் உண்டு. ஒருவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர், மற்றவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். செங்குட்டுவனின் காலம் எது என்பது இவர்களில் யார் வந்தார் என்பதைப் பொறுத்தது. பிற சான்றுகளை வைத்துப் பிந்தைய மன்னரை விலக்கி, முந்தையவரே என்று கனகசபைப் பிள்ளை முடிவு செய்தார். அந்த முடிவே நூலின் தலைப்பில் உள்ள ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக் கணக்குக்கு அடிப்படை.

ஒரே தெருவில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? தந்தை பெயரைப் பார்ப்பார், அனுப்பியவர் ஊரைப் பார்ப்பார், முன்பு யாருக்கு அந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது என்று நினைத்துப் பார்ப்பார். பொருந்தாதவரை ஒதுக்கிவிட்டுப் பொருந்துகிறவரிடம் கொடுப்பார். வரலாற்றாசிரியர் செய்வதும் இதே வகையான உறுதிப்படுத்தல்தான்.

அவர் முடிவுகள் எல்லாம் நிலைத்தன என்று சொல்ல மாட்டேன். தமிழர் வங்காளத்துத் தாமிரலிப்திப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்ற அவர் கருத்தை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. கயவாகுவை வைத்துக் காலம் கணிப்பதையும் கணநாத் ஒபயசேகர போன்றோர் பின்னாளில் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆனால் கடல் வணிகத்தைப் பற்றி அவர் எழுதியதற்கு மண்ணுக்குள்ளிருந்து சான்று வந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்து உரோமப் பொருள்களை வெளிப்படுத்தினார். தாம் எந்தச் சான்றை வைத்து எந்த முடிவுக்கு வந்தார் என்பதைக் கனகசபைப் பிள்ளை தெளிவாக எழுதிவைத்தார். அதனால்தான் பின்வந்தவர்களால் அவரைத் திருத்தவும் முடிந்தது, உறுதிப்படுத்தவும் முடிந்தது.

4. கிடைக்காமல் போன ஆண்டுகள்

இப்போது என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டு, 1906இல், கனகசபைப் பிள்ளை காலமானார். ஐம்பத்தோரு வயது நிறையவில்லை. ஓய்வுக்காலம் என்ற ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை.

அவர் பிறந்த அதே 1855இல் பிறந்தவர் உ. வே. சாமிநாதையர். கனகசபைப் பிள்ளையின் நூல் வந்த 1904ஆம் ஆண்டில்தான் ஐயர் பதிற்றுப்பத்தை வெளியிட்டார். அதுவரை இருவரும் ஏறத்தாழ ஒரே தொலைவு நடந்தவர்கள். அதற்குப் பிறகு ஐயருக்கு அவரைவிடக் கூடுதலாக முப்பத்தாறு ஆண்டுகள் கிடைத்தன. 1918இல் பரிபாடல் வந்தது. 1919இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பிறகு 1924இல் பெருங்கதை, 1937இல் குறுந்தொகை. 1940 முதல் 'ஆனந்த விகட'னில் தன் வரலாற்றை எழுதத் தொடங்கி, 1942இல் மறையும் வரை எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற நாளோடு ஐயர் நிறுத்தியிருந்தால் இவையெல்லாம் அவர் கையிலிருந்து நமக்குக் கிடைத்திருக்காது.

நம் காலத்தில் ஐராவதம் மகாதேவன் இருந்தார். ஆட்சிப் பணியிலிருந்து 1980இல் விருப்ப ஓய்வு பெற்றார். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 2003இல் வந்தது. அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார். குகைக் கல்வெட்டுகளை அவர் படியெடுக்கத் தொடங்கியது 1960களில். நாற்பது ஆண்டு வேலை, அதில் பாதிக்கு மேல் ஓய்வுக்குப் பின்னால்.

இவர்களிடமிருந்து தெரிவது இதுதான். தரவு திரட்டுவதற்குப் பணிக்காலம் போதலாம். ஒப்பிட்டு, சரிபார்த்து, எழுதி முடிக்க அதற்குப் பிறகும் ஆண்டுகள் வேண்டும். கனகசபைப் பிள்ளைக்கு இன்னும் இருபது ஆண்டுகள் கிடைத்திருந்தால், அச்சில் வந்த தொகை நூல்களையெல்லாம் வைத்துத் தம் நூலைத் தாமே திருத்தியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்று மத்திய அரசு ஊழியர் அறுபதில் ஓய்வுபெறுகிறார். கிராமிய அஞ்சல் ஊழியர் அறுபத்தைந்தில். அதற்குப் பிறகு பதினைந்து, இருபது ஆண்டுகள் நல்ல நினைவோடு வாழ்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கனகசபைப் பிள்ளைக்குக் கிடைக்காத செல்வம் இவர்கள் கையில் இருக்கிறது.

5. ஊர்க் கணக்கு நின்ற பிறகு

இந்தச் செல்வம் பெரணமல்லூர் போன்ற ஊருக்கு ஏன் அவசரமாகத் தேவை?

முன்பு கிராமத்தின் நிலம், நீர், வரி, குடும்பம் எல்லாம் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் தலையில் இருந்தன. 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லது. அது ஒழிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரின் விவரத்தைத் தெரிந்துவைத்திருக்கும் இடமும் அதோடு மறைந்தது. கிராம நிர்வாக அலுவலர் மாறுதலில் போகிறார். பள்ளி ஆசிரியரும் போகிறார். ஒரே பகுதியில் பல ஆண்டுகள் நிலைத்து, எல்லாத் தெருவுக்கும் எல்லாச் சாதியார் வீட்டுக்கும் போய்வரும் வேலை கிராமிய அஞ்சல் ஊழியருடையதுதான்.

நிர்வாக எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1989 வரை பெரணமல்லூரின் ஆவணங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். அதன் பின் திருவண்ணாமலை. 2006 தேர்தல் வரை பெரணமல்லூர் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர். தொகுதி மறுசீரமைப்பில் அது மறைந்தது. அஞ்சல் வரைபடமோ இவற்றோடு ஒட்டியும் ஒட்டாமலும் போகும். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த பின்கோடு, கடிதம் பிரிக்கப்படும் வழியை வைத்து அமைந்தது; மாவட்ட எல்லையை வைத்து அமைந்ததன்று. ஒரு பழைய ஆவணத்தில் உள்ள ஊரை இன்றைய எந்த ஊரோடு பொருத்துவது என்ற கேள்விக்கு, இந்த மூன்று வரைபடங்களையும் தெரிந்தவரே விடை சொல்ல முடியும்.

உங்களைச் சுற்றியுள்ள பகுதியின் பெரிய வரலாறு எழுதப்பட்டுவிட்டது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் நடந்த போர் பாடநூலில் இருக்கிறது. மகேந்திரவர்மன் குடைவித்த சீயமங்கலம் கலை வரலாற்று நூல்களில் இருக்கிறது. படைவீட்டுச் சம்புவராயர்களைப் பற்றியும் செங்கம் நடுகற்களைப் பற்றியும் நூல்கள் உண்டு. எழுதப்படாமல் இருப்பது கடந்த நூறு ஆண்டு: பட்டுத் தறியின் வரலாறு. எந்தத் தெருவில் எத்தனை தறி இருந்தது, கூலி எப்போது எவ்வளவு, பாவு எங்கிருந்து வந்தது, நெய்த சேலை யாரிடம் போனது, கூட்டுறவுச் சங்கம் எப்போது கைகொடுத்தது, விசைத்தறி எப்போது வந்தது, தறியை விட்டவர்கள் எந்த ஊருக்கு எந்த வேலைக்குப் போனார்கள்? ஆரணிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை நெய்தவர்களின் வரலாறு இன்னும் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. நினைவில் உள்ளவர்களுக்கோ எழுபதும் எண்பதும் வயது.

6. கடிதத்தின் ரகசியம்

ஓய்வுபெற்ற அஞ்சல் பெரியோர்களிடம் ஓர் எச்சரிக்கையையும் பணிவோடு வைக்க வேண்டும். எழுத்தறியாத வீடுகளில் கடிதத்தைப் படித்துக் காட்டியவர்கள் நீங்கள். பதிலை எழுதிக் கொடுத்தவர்களும் நீங்களே. எந்த மகன் பணம் அனுப்பினான், எந்த மகன் நிறுத்திவிட்டான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு உங்கள் மேல் வைத்த நம்பிக்கையால் வந்தது. அதை அந்தக் குடும்பத்தின் அனுமதி இல்லாமல் எழுத்தில் கொண்டுவரக் கூடாது. பணியில் இருந்தபோது சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தியது. ஓய்வுக்குப் பின் மனசாட்சி கட்டுப்படுத்த வேண்டும்.

இதனால் வரலாறு குறைந்துவிடாது. பணியில் தெரிந்ததை ஒரு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு மறுபடியும் போய், 'உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள், எதை எழுதலாம் என்றும் நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கலாம். அப்படிக் கேட்டு எழுதினால் அது அந்தக் குடும்பத்துக்கும் உரிய வரலாறாகும். இன்னொன்று: ஊர் வரலாறு என்ற பெயரில் ஒரு சாதியின் பெருமையையோ ஒரு தெருவின் கதையையோ மட்டும் எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒரு தெருவை விட்டுவிட்டு அன்றைய பட்டுவாடாவை முடித்துவிட்டேன் என்று எந்தத் தபால்காரரும் எழுதியதில்லை. ஊர் வரலாற்றிலும் காலனியும் அகரமும் நெசவாளர் தெருவும் ஒரே கவனத்தோடு இடம்பெற வேண்டும்.

7. பெரணமல்லூரில் செய்யக்கூடியவை

கருத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் நாளையே தொடங்கக்கூடிய நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

அ) தெருவாரியாக ஒரு பதிவேடு. ஒவ்வொரு வீட்டிலும் தறி இருந்ததா, எத்தனை, எந்த ஆண்டு வரை, குழித்தறியா விசைத்தறியா, பாவு ஓட்டியவர் யார், தார் சுற்றியவர் யார் என்று எழுதுங்கள். தார் சுற்றிய பெண்களின் பெயர்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவர்களிடம் முதலில் போங்கள்.

ஆ) பழைய தபால்களைத் திரட்டுதல். பரணில் கிடக்கும் கார்டு, இன்லேண்டு லெட்டர், மணியார்டர் கூப்பன், சேமிப்புக் கணக்குப் புத்தகம் எல்லாம் சான்றுகள். மணியார்டர் கூப்பனின் அடியில் எழுதிய நான்கு வரியில் ஒரு குடும்பத்தின் பொருளாதாரம் தெரியும். முத்திரையில் அஞ்சலகத்தின் பெயரும் தேதியும் இருக்கும். தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்கள் அவர் பெயரிலான நூல் நிலையத்தில் பாதுகாக்கப்பட்டதால்தான் அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுக்க முடிந்தது. கடிதம் வைத்திருந்தால் வரலாறு இருக்கும்.

இ) சான்றோடு எழுதுதல். நெசவாளர்களே, புதுப் பாவைத் தறியில் ஏற்றும்போது பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய இழையைப் பிணைப்பீர்கள். ஓர் இழை தப்பினாலும் சேலையில் தெரியும். அதுபோல ஒவ்வொரு செய்தியையும் யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த ஆவணத்தில் பார்த்தது என்ற குறிப்போடு சேர்த்து எழுதுங்கள். கோயில் கல்வெட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்கள், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுதுங்கள்.

ஈ) இளையவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுதல். கனகசபைப் பிள்ளையின் வாழ்வு நமக்குக் காட்டும் கடுமையான பாடம் இது. நாம் எத்தனை வயது வரை இருப்போம் என்று நமக்குத் தெரியாது. ஒவ்வோர் ஓய்வுபெற்ற பெரியவரோடும் ஒரு கல்லூரி மாணவர் இணைந்தால், பெரியவருடைய நினைவும் இளையவருடைய கைப்பேசிக் கேமராவும் ஒரே வேலையைச் செய்யும். பெரியவரால் முடிக்க முடியாததை இளையவர் முடிப்பார்.

அவையோரே, 1854இல் தொலைவைப் பாராமல் எடைக்கு மட்டும் கட்டணம் என்று அஞ்சல் விதி மாறியபோது, தொலைவில் இருக்கிறான் என்பதற்காக எவனும் கூடுதலாகச் செலுத்த வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. பெரணமல்லூருக்கும் சென்னைக்கும் ஒரே கட்டணம். வரலாற்றிலும் அதே நீதி வர வேண்டும் என்று கேட்கிறேன். தலைநகரத்துக்கும் அரசருக்கும் கிடைக்கும் கவனம் இந்த ஊரின் நெசவாளருக்கும் கிடைக்க வேண்டும். அதை வெளியிலிருந்து வந்து யாரும் செய்துதர மாட்டார்கள். ஊரின் ஒவ்வொரு வாசலையும் அறிந்து, இனி நேரமும் உள்ள நீங்கள்தான் செய்ய வேண்டும். பதிவேட்டின் முதல் தெருவை அடுத்த ஆண்டு இதே அறக்கட்டளைக் கூட்டத்தில் நீங்கள் படித்துக்காட்ட வேண்டும். அன்று பேசும் இடத்தில் நீங்கள் இருங்கள், கேட்கும் இடத்தில் நான் இருக்கிறேன்.